கைக்குழந்தைக்குச் சளி: ஆபத்தை முதல் நாளே அறிய முடியுமா?

ஒரே தெரு. அடுத்தடுத்த வீடு. இரண்டு கைக்குழந்தைகள். இரண்டுக்கும் நாலு மாதம்.

மழை பிடித்த வாரத்தில் இரண்டுக்கும் மூக்கு ஒழுகுகிறது. லேசாக உடம்பு சுடுகிறது. இருமல் வருகிறது. ஐந்தாம் நாள் ஒரு குழந்தை காலை உதைத்துக்கொண்டு சிரிக்கிறது. மற்றொன்று ஆஸ்பத்திரியில் பிராணவாயுக் குழாயோடு கிடக்கிறது.

இரண்டையும் பிடித்தது ஒரே கிருமிதான்!

எந்தக் குழந்தைக்கு நோய் முற்றும், எந்தக் குழந்தைக்குத் தானாகவே போய்விடும் என்பதை முதல் நாளிலேயே சொல்ல முடியாதா? இந்தக் கேள்விக்கு உலகின் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். விடை கிடைத்தால் அதிகம் பயன்படப்போவது பெரிய நகரங்களுக்கு அல்ல. மீஞ்சூர் போன்ற ஊர்களுக்குத்தான்.

ஏன் என்றால், சென்னையில் இருப்பவர்களுக்கு நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சு முட்டினாலும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. மீஞ்சூரில் இருந்து சென்னைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். பகலில் மின்சார ரெயில் உண்டு. நள்ளிரவில் 108 ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். "இன்றைக்குப் போகலாமா, நாளைக்குப் பார்க்கலாமா" என்று தாய் யோசிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அங்கே விலை இருக்கிறது.

அது என்ன கிருமி?

அந்தக் கிருமியின் பெயர் ஆர்.எஸ்.வி. வைரஸ் வகையைச் சேர்ந்தது.

1956-ல் அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்த சிம்பன்சிக் குரங்குகளுக்குச் சளி பிடித்தது. அவற்றின் மூக்குச் சளியை ஆராய்ந்தபோது புதிய வைரஸ் ஒன்று கிடைத்தது. "குரங்குச் சளிக் கிருமி" என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே டாக்டர் ராபர்ட் சானக் என்பவர் பால்டிமோர் நகரில் நோயுற்ற குழந்தைகளிடமும் அதே கிருமியைக் கண்டார். குரங்கின் கிருமி அல்ல அது, மனிதக் குழந்தைகளின் கிருமி என்று அப்போதுதான் தெரிந்தது. பாவம், குரங்குகள்தான் மனிதர்களிடம் வாங்கிக்கொண்டிருக்கின்றன!

இரண்டு வயது முடிவதற்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் இந்தக் கிருமி ஒரு தடவையாவது தொட்டுவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு வெறும் சளியோடு சரி. சில குழந்தைகளுக்கு மட்டும் அது மார்புக்குள் இறங்குகிறது.

2019-ம் ஆண்டுக்கு ஒரு கணக்கு எடுத்தார்கள். அந்த ஓர் ஆண்டில் உலகம் முழுவதும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் கிருமியால் 3 கோடியே 30 லட்சம் தடவை நுரையீரல் நோய் வந்தது. 36 லட்சம் தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் இறந்தன. அவற்றில் சுமார் 45 ஆயிரம், ஆறு மாதம்கூட நிரம்பாத பச்சிளம் குழந்தைகள். இறந்தவர்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பிறந்தவர்கள்.

கிருமி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சாவு மட்டும் பங்கு பிரிந்து வருகிறது.

நூல் போன்ற குழாய்

பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் வெறும் தும்மல். குழந்தைக்கு வந்தால் ஏன் இந்தப் பாடு?

நுரையீரலுக்குள் காற்றுக் குழாய் மரம்போலக் கிளை கிளையாகப் பிரிகிறது. கடைசிக் கிளைகள் மிக மெல்லியவை. கைக்குழந்தைக்கு அவை இன்னும் மெல்லியவை. கிருமி அங்கே போய்க் குழாயின் உள்தோலைத் தாக்குகிறது. தோல் வீங்குகிறது. செத்த தோலும் சளியும் சேர்ந்து குழாயை அடைக்கின்றன.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. காற்றுப் போகும் குழாயின் அகலம் பாதியாகக் குறைந்தால், காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் தோன்றும். அப்படி அல்ல. 16 மடங்கு ஆகிறது! அகலமான குழாயில் கொஞ்சம் வீக்கம் வந்தால் பெரியவர்களுக்குத் தெரிவதே இல்லை. அதே வீக்கம் குழந்தையின் மூச்சையே முட்ட வைக்கிறது.

அதனால் குழந்தை வேகமாக மூச்சு வாங்குகிறது. விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்ளே ஒடுங்குகிறது. "வீசிங்" என்று டாக்டர் சொல்வார். "இளைப்பு", "இழுப்பு" என்று பாட்டிமார் சொல்வார்கள்.

இந்த நோய் முதல் இரண்டு மூன்று நாள் நல்ல பிள்ளைபோல நடிக்கும். மூன்றாம் நாளில் இருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் சுயரூபத்தைக் காட்டும். முதல் நாள் டாக்டரிடம் காட்டி, "ஒன்றும் இல்லை, சளிதான்" என்று கேட்டுக்கொண்டு வந்த தாய், நாலாம் நாள் ராத்திரி திகைத்துப்போய் நிற்பது இதனால்தான். முதல் நாள் டாக்டர் சொன்னது பொய் அல்ல. அன்றைக்கு அது சளிதான்.

அந்த முதல் நாளிலேயே நாலாம் நாளைப் பார்த்துச் சொல்ல ஒரு சோதனை வேண்டும். அதைத்தான் தேடுகிறார்கள்.

சளியில் இருக்கிறதா ஜாதகம்?

உடம்பில் நோய் புகுந்தால் ரத்தத்திலும் சளியிலும் சில பொருள்கள் கூடும், சில குறையும். அவற்றை அளந்து நோயின் போக்கைச் சொல்லலாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் ரத்தச் சர்க்கரையை அளக்கிறார்கள் அல்லவா? அதைப் போல. இத்தகைய பொருள்களுக்கு "நோய்க் குறிகள்" என்று பெயர் சொல்லலாம்.

ஆர்.எஸ்.வி. விஷயத்தில் பல குறிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதலாவது சி.ஆர்.பி. சாதாரண லேபிலும் பார்க்கிறார்கள். உடம்பில் எங்கே வீக்கம் என்றாலும் அது கூடும். பாக்டீரியா கிருமியும் கூடச் சேர்ந்திருக்கிறதா என்று சந்தேகிக்க ஓரளவு உதவும். ஆர்.எஸ்.வி. முற்றுமா என்று சொல்ல அதை நம்ப முடியவில்லை.

இரண்டாவது, இன்டர்லூகின் என்ற பொருள்கள். இவை உடம்பின் தந்திகள். "கிருமி வந்துவிட்டது, படையை அனுப்பு" என்று வெள்ளை அணுக்களுக்குச் செய்தி சொல்பவை. அவற்றில் 6, 8 என்ற எண் கொண்டவை, கடுமையாக நோயுற்ற குழந்தைகளிடம் கூடுதலாக இருப்பதைப் பல ஆராய்ச்சிகளில் கண்டார்கள். படை அளவுக்கு மீறி வந்தால் அதுவே குழாயை அடைக்கும். ஊரைக் காக்க வந்த படை ஊரையே மிதித்த கதைதான்.

மூன்றாவது கொஞ்சம் விசித்திரம். எல்.டி.எச். என்று ஒரு பொருள். உயிரணு செத்து உடைந்தால் அது வெளியே சிந்தும். மூக்கைக் கழுவிய நீரில் அதை அளந்தார்கள். அதிகம் இருந்தால் சேதம் அதிகம், நோயும் கடுமை என்றுதானே நினைப்போம்? 2010-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி முடிவு நேர்மாறாக இருந்தது. எல்.டி.எச். அதிகம் இருந்த குழந்தைகளே ஆஸ்பத்திரியில் சேராமல் தப்பினார்கள். கிருமி புகுந்த அணுக்களை மூக்கிலேயே உடம்பு சண்டையிட்டு அழித்துவிட்டது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள்.

நாலாவது, மிகவும் புதியது. 2013-ல் அமெரிக்க, பின்லாந்து டாக்டர்கள் குழந்தைகளின் ரத்தத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எவை வேலை செய்கின்றன, எவை தூங்குகின்றன என்று பார்த்தார்கள். ஆர்.எஸ்.வி. வந்த குழந்தைகளிடம், கிருமியை ஞாபகம் வைத்துப் போராட வேண்டிய மரபணுக்கள் அமுங்கிக் கிடந்தன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இன்னும் மோசமாக அமுங்கிக் கிடந்தன. இதை ஒரு மதிப்பெண்ணாக மாற்றினால் நோயின் கடுமையோடு அது பொருந்தி வந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட, "இந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பு, அந்தக் குழந்தையை வைத்துக்கொள்" என்று சொல்லும் அளவுக்கு இன்னும் உறுதிப்படவில்லை.

116 தாய்மார்

ஏன் உறுதிப்படவில்லை? பெரும்பாலான ஆராய்ச்சிகள் ஏற்கனவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்ட சில நூறு குழந்தைகளை வைத்தே நடந்தவை. ஒரு நாட்டில் வைத்த எல்லைக்கோடு மறு நாட்டில் பொருந்துவதில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு கணக்குக்காக 1,000 குழந்தைகளுக்குச் சளி என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 20 பேருக்கு நோய் முற்றப்போகிறது. சோதனை 100-க்கு 90 தடவை சரியாகச் சொல்லும். நல்ல சோதனைதானே?

முற்றப்போகும் 20 பேரில் 18 பேரை அது பிடித்துவிடும். இரண்டு பேரைத் தவறவிடும். மீதி 980 பேரில் 100-க்கு 10 பேரைத் தவறாக "ஆபத்து" என்று சொல்லும். அதாவது 98 பேர்.

ஆக, 116 தாய்மார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு ஓடுவார்கள். அவர்களில் 18 பேர் மட்டுமே ஓட வேண்டியவர்கள். மற்ற 98 பேருக்கு ஒரு நாள் கூலி போனது, நெரிசலான ஆஸ்பத்திரியில் வேறு நோயும் ஒட்டிக்கொள்ளும். தவறவிட்ட இரண்டு வீட்டிலோ "சோதனையிலே ஒன்றும் இல்லை என்றார்களே" என்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த நிம்மதிதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

எண்ணைப் பார்த்து டாக்டர்களே மயங்குவதும் உண்டு. கனடாவில் டொரான்டோ குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2014-ல் வெளியாயிற்று. ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் கருவியில், ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு உண்மையான எண்ணும், மறு பகுதிக்கு 3 கூட்டிய எண்ணும் தெரியும்படி செய்தார்கள். எந்தக் குழந்தைக்கு எது என்று டாக்டர்களுக்குத் தெரியாது. உண்மை எண் தெரிந்த குழந்தைகளில் 100-க்கு 41 பேர் ஆஸ்பத்திரியில் தங்க வைக்கப்பட்டனர். கூட்டிய எண் தெரிந்தவர்களில் 25 பேர்தான். வெறும் மூன்று எண், இத்தனை பேரின் முடிவை மாற்றிவிட்டது!

வேலூர் தந்த கடிகாரம்

அப்படியானால் மீஞ்சூர்த் தாய்க்குக் கையில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. அது தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்தது.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் தாமஸ் செரியன், டாக்டர் ஜேக்கப் ஜான் முதலியவர்கள், லேபும் எக்ஸ்ரேயும் இல்லாத இடத்தில் குழந்தையின் நுரையீரல் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆராய்ந்தார்கள். முடிவு 1988-ல் "லான்செட்" மருத்துவப் பத்திரிகையில் வந்தது. குழந்தையின் மூச்சை எண்ணுங்கள், மார்பு ஒடுங்குகிறதா என்று பாருங்கள் என்பதே அதன் சாரம். பாப்புவா நியூகினி தீவிலும் இதே வழியில் ஆராய்ந்தார்கள். இத்தகைய ஆராய்ச்சிகளின் பலனாக உலகச் சுகாதார நிறுவனம் ஓர் அளவு வகுத்தது.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை ஒரு நிமிடத்தில் 60 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40.

எண்ணுவதற்கு முறை உண்டு. குழந்தை அழக்கூடாது. பால் குடித்துக்கொண்டிருக்கக்கூடாது. சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் தப்பு வரும். ஏனென்றால் குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது.

மூச்சின் வேகம் ஒன்று. மற்ற அடையாளங்களும் உண்டு. விலாவுக்குக் கீழே மார்பு உள்ளே ஒடுங்குதல். மூக்குத் துவாரம் விரிதல். மூச்சோடு முனகல். வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்காமல் போதல். நனைந்த துணி குறைதல். உதடு நீலமாதல். எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல். இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்கக்கூடாது.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, குறைமாதக் குழந்தை ஆகியோர் விஷயம் தனி. அவர்களுக்கு இருமல்கூட வராமல், மூச்சு மட்டும் சில விநாடி நின்று நின்று வரலாம். இந்தக் கிருமியின் மிகப் பெரிய சூது அதுதான். இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைக்கும் ஆபத்து அதிகம்.

அடுத்தது, பிராணவாயு காட்டும் கருவி. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1974-ல் இதற்கு வழி கண்டார். விரலில் மாட்டினால் ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் நிறத்தைக் கொண்டு கணக்குச் சொல்லும். 90-க்குக் கீழே இறங்கினால் குழந்தைக்குப் பிராணவாயு கொடுத்தாக வேண்டும். கொரோனா காலத்தில் பல வீடுகளில் இதை வாங்கி வைத்தார்கள். அது பெரியவர் விரலுக்கு ஆனது. கைக்குழந்தையின் விரலில் மாட்டினால் எண் தப்பாக வரும். குழந்தைக்குப் பாதத்தில் சுற்றும் தனிப் பட்டை வேண்டும். அது இருக்க வேண்டிய இடம் வீடு அல்ல, ஆரம்ப சுகாதார நிலையம்.

2019 நவம்பரில் மத்திய அரசு "சான்ஸ்" என்ற பெயரில் நிமோனியா ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. இந்தியில் அந்தச் சொல்லுக்கு மூச்சு என்று பொருள். கிராம அளவிலான நிலையங்களிலும் இந்தக் கருவியைக் கொண்டு சோதிப்பது அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. கோடிக்கணக்கில் செலவாகும் மரபணுச் சோதனைக்குக் காத்திருப்பதைவிட, எல்லா நிலையங்களிலும் குழந்தைப் பட்டையோடு கருவி இருக்கிறதா, அதன் பாட்டரி வேலை செய்கிறதா என்று பார்ப்பது இன்றைக்கு அதிக உயிர்களைக் காக்கும்.

புகையும் புறாக்கூடும்

மீஞ்சூரைச் சுற்றியுள்ள நிலைமையையும் பார்க்க வேண்டும்.

தெற்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள். வல்லூர் நிலையத்தின் திறன் மட்டுமே 1,500 மெகாவாட். கிழக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். ராத்திரி பகலாக லாரிகள். வடக்கே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த குடும்பங்கள் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு வாழ்கின்றன.

புகை கிருமியை உண்டாக்குவதில்லை. ஆனால் குழந்தையின் மூச்சுக் குழாயைப் புண்படுத்தி வைத்துவிடுகிறது. வீட்டுக்குள் தகப்பன் பிடிக்கும் பீடிக்கும் விறகடுப்புக்கும் அதே குணம். அறை நெருக்கமோ கிருமியை ஒருவரிடம் இருந்து ஒருவருக்குக் கடத்துகிறது. பள்ளிக்கூடம் போகும் அண்ணன்தான் பெரும்பாலும் தம்பிப் பாப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பாப்பாவைத் தூக்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லி வைப்பது நல்லது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நோய் முற்றுவது குறைவு.

பாட்டிமாரிடம் ஒரு வார்த்தை. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் இறங்கி, இல்லாத நிமோனியாவை உண்டாக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இந்தக் கிருமியைத் தொடாது. மூக்கைச் சுத்தம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்து, தேவையானால் பிராணவாயு கொடுப்பதுதான் வைத்தியம்.

தடுப்பு ஊசி வந்தாயிற்றா?

வந்திருக்கிறது. ஆனால் அது வந்த பாதை முட்பாதை.

1966-ல் அமெரிக்காவில் ஒரு தடுப்பு ஊசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் 20 குழந்தைகளுக்குப் பிறகு ஆர்.எஸ்.வி. வந்தது. அவர்களில் 16 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்தன. காக்க வேண்டிய ஊசியே நோயைக் கடுமையாக்கிவிட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தப் பக்கம் போகவே எல்லோரும் பயந்தார்கள்.

கிருமி உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதம் உருவம் மாறும் தன்மை கொண்டது. நுழைவதற்கு முன் ஓர் உருவம், நுழைந்த பின் வேறு உருவம். முந்திய உருவத்தைக் குறிவைத்தால்தான் பலன். 2013-ல் அந்த உருவத்தைப் படம் பிடித்தார்கள். கதவு திறந்தது.

இப்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கர்ப்பிணித் தாய்க்குப் போடும் ஊசி. தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி வயிற்றுக் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. பிறந்த முதல் 90 நாளில் கடுமையான நோயை அது 100-க்குச் சுமார் 82 பங்கு குறைத்தது. அமெரிக்காவில் 2023 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. மற்றொன்று, நிர்செவிமாப் என்ற ஊசி. எதிர்ப்புப் பொருளையே தயாராகச் செய்து குழந்தைக்குப் போடுவது. ஒரே ஊசி ஒரு பருவம் முழுவதும் காக்கும்.

யாருக்கு முற்றும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், எல்லாக் குழந்தைகளையும் காத்துவிடுவதே இதன் தத்துவம். 2025 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம், இந்த இரண்டில் ஒன்றையாவது எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் என்று எழுத்து மூலம் சிபாரிசு செய்தது. இந்தியாவின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் 2025 வரை இவை இடம் பெறவில்லை. பாக்டீரியா நிமோனியாவுக்கான தடுப்பூசி அந்தப் பட்டியலில் வந்து 2021-ல் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கும் கிடைத்தது. அதற்கும் பணக்கார நாடுகளுக்குப் பின் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

பணம் மட்டுமே பிரச்சினை அல்ல. நிர்செவிமாப் போன்ற ஊசியைப் பருவம் தொடங்கும் முன்பே போட வேண்டும். வட இந்தியாவில் இந்தக் கிருமிக்குக் குளிர்காலம் பருவம். தெற்கே மழைக்காலத்தை ஒட்டி வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்துக்கு என்று தனியாக எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் முடிகிறது என்று சொல்ல, மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் சளியோடு வரும் குழந்தைகளின் மூக்குச் சளியை மாதம் தவறாமல் எடுத்துச் சோதிக்க வேண்டும். கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் நிலையம் இருக்கிறது. மீஞ்சூரில் காலையில் எடுத்த பஞ்சுக் குச்சி, பனிப்பெட்டியில் வைத்தால், மத்தியானத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.